மூடிய கற்களும் மூடாத கணக்கும்

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், வலோங்கோ துறையில் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர் அடிமைகளாக இறக்கப்பட்டனர். 1843இல் பேரரசியை வரவேற்பதற்காக அத்துறையை மூடி, மேலே புதிய தளம் அமைத்தனர். 2011இல் நகரச் சீரமைப்புக்காகத் தோண்டியபோது பழைய கற்கள் வெளிப்பட்டன. 2017இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அதே 1843இல்தான் கம்பெனி ஆட்சி இந்தியாவில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. ஆயினும் கடன் என்னும் பெயரில் அது தொடர்ந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. இந்நாட்டில் அடிமைமுறையே இருந்ததில்லை என்போர் இவ்விரு சட்டங்களுக்கும் என்ன விளக்கம் தருவர்?

மறதி தானே விளைவதன்று. சுரண்டியோர் பாவிய தளம் அது. அதைப் பெயர்த்தெடுப்பதும் வர்க்கப் போராட்டமே. பண்ணையாட்களாய் உழன்ற முதியோரின் நினைவுகளை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எழுதிவைப்பது நம் கிளைகளின் உடனடிக் கடமை.