பேட்டரிப் பெட்டியை நம்பிக் குஞ்சு இறக்கலாமா?

சென்ற கார்த்திகையில் ஒரே இரவில் எங்கள் கொட்டகையில் 43 குஞ்சுகள் செத்துப்போயின. நோய் கிடையாது, தீவனத்திலும் கோளாறு இல்லை. 200 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இறக்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரத்தநாடு பக்கம் அன்று மதியத்திலிருந்தே விடாத மழை. இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. நான் பதறவில்லை. பவர் ஸ்டேஷன் என்ற பெயரில் விற்கிறார்களே, தூக்கிக்கொண்டு போகிற பேட்டரிப் பெட்டி, அது ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருந்தேன். நான்கு 100 வாட் குண்டு பல்புகளையும் அதில் மாட்டினேன். பல்புகள் எரிந்தன, குஞ்சுகள் அமைதியாயின. நானும் போய்ப் படுத்துவிட்டேன்.

இரண்டரை மணிக்கு விழித்துப் பார்த்தால் கொட்டகை இருட்டாகக் கிடந்தது. குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்திருந்தன. குளிரில் குஞ்சு சாவது பெரும்பாலும் இப்படித்தான். விறைத்துச் சாவதைவிட, கதகதப்பைத் தேடி ஒன்றை ஒன்று நெருக்கி அடைத்துக்கொண்டு சாவதே அதிகம்.

விற்ற கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். "ஹீட்டரே ஓடும் சார்" என்றார். ஓடத்தான் செய்தது. எத்தனை மணி நேரம் ஓடும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் யாரும் குஞ்சு வளர்ப்புக்கென்று இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 1000 வாட் என்று போட்டிருக்கும். அது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையை இழுக்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்வது வாட் அவர் என்ற இன்னொரு எண். அது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். 1000 வாட் அவர் என்றால் நம் மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட். அவ்வளவுதான். பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போதே நூற்றுக்குப் பத்துப் பதினைந்து உள்ளேயே போய்விடும். நம் கைக்கு வருவது ஏறத்தாழ 850 வாட் அவர். 400 வாட் பல்புகளுக்கு அது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும். 1000 வாட் அறை ஹீட்டரை மாட்டினால் ஐம்பது நிமிடம். அன்று பதினொன்றேகால் மணிக்கே என் பெட்டி தீர்ந்திருக்கும்.

முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் ஐந்து ஐந்து டிகிரியாகக் குறைக்கலாம். இதற்குக் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். 200 குஞ்சுக்கு 400 வாட். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை என்றால் 3.6 யூனிட் வேண்டும். அதாவது என்னிடம் இருந்ததைப் போல ஐந்து பெட்டிகள். ஒரு பெட்டியே அரை லட்சத்தைத் தாண்டுகிறது. 200 குஞ்சைக் காப்பாற்ற இரண்டரை லட்சத்துக்கு மேல் போட யாரால் முடியும்? வீட்டு இன்வெர்ட்டரிலும் இதே நிலைதான். 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் 1800 வாட் அவர் இருக்கிறது. ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும்.

குறைந்த மின்சாரத்தில் அதிக வெப்பம் தரும் ஹீட்டர் என்று ஒன்று விற்பனைக்கு வருகிறது. ஏமாற வேண்டாம். கம்பிச் சுருளானாலும் செராமிக் ஆனாலும் 500 வாட் ஹீட்டர் 500 வாட் வெப்பம்தான் தரும். அகச்சிவப்பு விளக்கில் மட்டும் ஒரு வசதி உண்டு. அது காற்றைச் சூடாக்காமல் குஞ்சின் உடம்பிலேயே சூட்டைப் பாய்ச்சும். திறந்த கொட்டகைக்கு நல்லது. ஆனால் பேட்டரியைத் தின்பதில் அதுவும் மற்றதும் ஒன்றே. இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று ஒருவர் எல்.இ.டி. பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தார். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது, குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

சூரியத் தகடு வைத்து நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வெயில் காலத்தில் 100 வாட் தகடு ஒரு நாளைக்கு 400 வாட் அவர் வரை தரும். நமக்குக் கதகதப்பு தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். மேகம் மூடியிருக்கும் அந்த நாள்களில்தான் தகடு கால்வாசி வேலைகூடச் செய்யாது, மின்சாரமும் அடிக்கடி போகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் டெல்டாவில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அந்த மாதிரி நாளில் எந்தப் பெட்டியும் கைகொடுக்காது.

அன்று இரவு மீதிக் குஞ்சுகளைக் காப்பாற்றியது என் வீட்டுக்காரம்மா. "அதைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, அடுப்ப மூட்டுங்க" என்றார். அண்டாவில் வெந்நீர் வைத்து, பத்து லிட்டர் பிடிக்கும் இரண்டு எவர்சில்வர் குடங்களில் ஊற்றி, வாயை இறுக மூடி, சாக்கைச் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவே வைத்தார். கால் மணி நேரத்தில் குஞ்சுகள் குடத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டன. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற 1.16 வாட் அவர் வேண்டும். 80 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் 35 டிகிரிக்கு இறங்குவதற்குள் 1044 வாட் அவர் வெப்பத்தை வெளியே விடுகிறது. நான் கொட்டிக் கொடுத்து வாங்கிய பெட்டியில் நிரம்பியிருந்ததும் அவ்வளவுதான்! ஆறியதும் திரும்பச் சுடவைத்து ஊற்றினால் போதும். மெல்லிய தண்ணீர் பாட்டிலில் மட்டும் கொதிநீரை ஊற்றாதீர்கள், சுருங்கிப் பிளந்துவிடும்.

கரியின் கணக்கு இதைவிட ஆச்சரியம். ஒரு கிலோ நல்ல கரியில் ஏறத்தாழ எட்டு யூனிட் வெப்பம் இருக்கிறது. பாதி வீணாய்ப் போனாலும் நான்கு யூனிட் மிஞ்சும். என் 200 குஞ்சுக்கு ஓர் இரவுத் தேவை அவ்வளவுதான். தென்னை மரத்துக்கு நடுவில் குடியிருக்கும் நாம் கொட்டாங்குச்சியை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுப் பேட்டரிக்குக் கடன் வாங்குகிறோம். ஆனால் கரியில் ஆபத்தும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொல்லும். கரியை வெளியில் வைத்துப் புகை அடங்கி நன்றாகக் கனியும் வரை விட்டு, பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். சட்டியைச் செங்கல் மேல் வைத்து, சுற்றிலும் கம்பி வலை அடிக்க வேண்டும். படுதாவைத் தரையிலிருந்து மேலே ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். முழுக்க மூடக் கூடாது. கரிச்சட்டி இருக்கும் கொட்டகைக்குள் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது.

ஆயிரம் குஞ்சுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு எரிவாயு புரூடர் சரியாக வரும். ஒரு கிலோ எரிவாயுவில் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் வெப்பம் உண்டு. வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். வீட்டு சிலிண்டரைப் பண்ணையில் மாட்டுவது சட்டப்படி தவறு.

வெப்பத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று யோசிக்கும் நாம், இருக்கிற வெப்பம் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. 200 குஞ்சுகளையும் ஒரே வட்டத்தில் அகலமாக விட்டிருந்தேன். அது என் தவறு. இப்போது ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, ஒன்றரை அடி உயரத் தடுப்புக்குள் விடுகிறேன். தரையில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு உமி. மேலே பஞ்சாரத்தைச் சற்று உயர்த்திக் கவிழ்த்து, பாதிக்குச் சாக்கு போட்டு, அதற்குள் ஒரே ஒரு 60 வாட் பல்பு. குஞ்சின் உடம்புச் சூடே வெளியே போகாமல் உள்ளே நிற்கிறது. சூடு போதுமா என்று தெரிய வெப்பமானி கட்டாயமில்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது. விலகி ஓரத்துக்குப் போனால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. அடைக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு குஞ்சைத் தன் சிறகுக்குள் வைத்துக்கொள்கிறது, ஒரு வாட்கூடக் கேட்பதில்லை. இருபது முப்பது குஞ்சு வளர்ப்பவர்கள் கோழியிடமே விட்டுவிடுவது நல்லது.

பெட்டியை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. அதற்கேற்ற வேலை இருக்கிறது. என்னிடம் நூறு முட்டை வைக்கும் பொரிப்பான் உண்டு. அதில் ஒரு 100 வாட் பல்பு, ஒரு சின்ன விசிறி. பெட்டி மூடியே இருப்பதால் பல்பு பாதி நேரம்தான் எரிகிறது. விசிறியையும் சேர்த்துச் சராசரி 60 வாட். இதற்கு அந்த 850 வாட் அவர் பதினான்கு மணி நேரம் வருகிறது. ஓர் இரவு தாண்டிவிடும். அதேபோல, கரிச்சட்டியோ வெந்நீர்க் குடமோ வைத்த இரவில் குஞ்சுகள் இருட்டில் மிரண்டு குவியாமல் இருக்க 5 வாட் விளக்கு ஒன்று போதும். அதை 12 வோல்ட் துளையில் நேராக மாட்டினால் பல இரவுகள் எரியும்; 230 வோல்ட்டில் மாட்டினால் மாற்றும் கருவியே விளக்கைவிட அதிகம் தின்றுவிடும். பெட்டியை மட்டும் உமி மேல் வைக்க வேண்டாம். அதன் விசிறி தூசியை உள்ளே இழுக்கும், சூடேறினால் உமி பற்றிக்கொள்ளும்.

எங்கள் பகுதிக் கூட்டம் ஒன்றில் கோழி வளர்ப்புக்கான மானியத்தில் இந்தப் பெட்டியையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பொரிப்பானுக்கு என்றால் கேட்கலாம். குஞ்சுக்கு வெப்பம் கொடுக்க என்றால் நான் எதிர்ப்பேன். அந்தப் பணத்தில் தடுப்புத் தகடு, படுதா, மூடியோடு கூடிய கரி அடுப்பு வாங்கிக் கொடுத்தால் பத்துப் பேருக்குப் பயன்படும். அரசின் 250 கோழித் திட்டத்தில் நான்கு வார வயதுக் குஞ்சுகளாகக் கொடுப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வெப்பம் கொடுக்க வேண்டிய நாள்கள் தாண்டித்தான் அவை விவசாயி கைக்கு வருகின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் சொந்தக் காசில் வாங்கும்போதும் அந்த வயதிலேயே கேட்டு வாங்கலாம்.

கால்நடைத் துறையினருக்கும் வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்காட்சிகளில் இந்தப் பெட்டியை வைத்துச் செல்போனும் மின்விசிறியும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அங்கேயே ஒரு 400 வாட் சுமையை மாட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் விவசாயிக்கு விஷயம் புரிந்துவிடும்.

இந்தத் தையில் அடுத்த குழுக் குஞ்சுகளை இறக்குகிறேன். கொட்டாங்குச்சிக் கரி இரண்டு மூட்டை சேர்த்தாகிவிட்டது. குடம் இரண்டையும் வீட்டுக்காரம்மா கொட்டகையிலேயே வைத்துவிட்டார், சமையலறைக்குப் புதிதாக வேறு வாங்கிக் கொடுக்க வேண்டுமாம்.