இரண்டாவது டீமுக்கும் ஒரு சீசன் உண்டு

மார்ச் பிறந்தால் செப்டம்பர் முடியும் வரை மெல்பர்ன் நகரத்தில் ஒரே பேச்சுதான்: ஃபுட்டி. ஆஸ்திரேலியர்களின் சொந்த ஃபுட்பால் இது. நாம் டி.வி-யில் பார்க்கும் கால்பந்து வேறு, இது வேறு. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 பாயின்ட், ஓர இடைவெளியில் போனால் 1 பாயின்ட்.

இந்த ஆட்டம் கிரிக்கெட்டின் பங்காளி. குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு, 1859 மே 17 அன்று, மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்டன.

ஃபுட்டி கிளப் என்றால் மெயின் டீமோடு இன்னொரு டீமும் உண்டு. பெயர் 'ரிசர்வ்ஸ்'. மெல்பர்னின் பெரிய கிளப்களுடைய ரிசர்வ் டீம்களுக்கென்றே 1919 முதல் 1999 வரை தனியாக ஒரு தொடர் நடந்தது. அதற்குத் தனிக் கோப்பை, தனி இறுதி ஆட்டம். பல ஆண்டுகள் மெயின் டீமின் ஆட்டத்துக்கு முன்னால், அதே மைதானத்தில், காலி கேலரிக்கு எதிரே ஆடுவார்கள். கூட்டம் வந்து சேரும்போது இவர்கள் ஆட்டம் முடிந்திருக்கும். ஊர் கிளப்களில் இன்றும் இதே முறைதான். ரிசர்வ் ஆட்டம் முடித்த கையோடு, மெயின் டீமுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு.

அந்த டீமில் யார் இருப்பார்கள்? மேலே போகத் துடிக்கும் 18 வயதுப் பையன் இருப்பான். காயம் ஆறி, உடம்பைச் சோதித்துப் பார்க்க வந்த சீனியர் இருப்பார். ஃபார்ம் போனதால் மேலேயிருந்து இறக்கிவிடப்பட்டவரும் இருப்பார். மூன்று பேருக்கும் மூன்று மனசு. ஆனால், பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மேலே இடம் காலியாக வேண்டுமென்றால், அங்கே இருக்கும் ஒருவருக்குக் காலோ தோளோ பழுதாக வேண்டும், அல்லது அவர் ஆட்டம் சொதப்ப வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் கூடவே பயிற்சி எடுக்கும் நண்பர். அவர் நன்றாக ஆடினால் கைதட்ட வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டே இருந்தால், தட்டுகிற கைக்கு வேலை வராது. ரிசர்வ் சீசனின் நிஜமான கஷ்டம் உடம்பில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

ஆழ்வார்குறிச்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் செல்போனில் படம் எடுப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் படத்தில் விழ மாட்டார். அவர் ஒரு நொடி அசந்தால் தேர் திரும்பாது.

மைதானத்திலும் அப்படித்தான். கபடியில் 7 பேர் களத்தில் இருப்பார்கள், 5 பேர் வெளியே காத்திருப்பார்கள். கிரிக்கெட்டில் பதினொரு பேர் ஆட, பன்னிரண்டாவது பையன் ஸ்கோர் எழுதுவான், தண்ணீர் கொண்டுபோவான், வாய்க்காலில் விழுந்த பந்தைத் தேடி எடுத்து வருவான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "ஏல, இன்னைக்காவது ஒன்னைய எடுத்தாவளா?"

அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. ஆள் நம் தமிழ்நாடு, இடம் அதே ஆஸ்திரேலியா.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், 2020 நவம்பரில் இந்திய அணியோடு ஆஸ்திரேலியா போனார். முதலில் அவரைத் தேர்ந்தெடுத்தது ஆடுவதற்கு அல்ல. வலைப்பயிற்சியில் நம் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து வீசும் 'நெட் பவுலர்' வேலைக்கு. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்றதும் டி20 அணியில் இவர் பெயர் சேர்ந்தது. ஒருவரின் வலி இன்னொருவருக்குக் கதவைத் திறந்தது. இரண்டு பேருமே தமிழ்நாட்டு வீரர்கள்.

டிசம்பர் 2-ல் ஒருநாள் போட்டி, டிசம்பர் 4-ல் டி20 என்று கான்பெராவில் அடுத்தடுத்து அறிமுகமானார். டெஸ்ட் அணி அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டது. மெல்பர்னில் மீண்டது. இதற்கிடையே ஒவ்வொருவராகக் காயத்தில் சாய்ந்தார்கள். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, உமேஷ், ஷமி எல்லோரும் வெளியே. 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் கடைசி டெஸ்ட் தொடங்கியபோது, இந்தியாவின் ஐந்து பவுலர்களும் சேர்ந்து அதற்கு முன் ஆடியிருந்தது வெறும் 4 டெஸ்ட். நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுதான் முதல் டெஸ்ட்.

காபா, ஃபுட்டி கிளப்பான பிரிஸ்பேன் லயன்ஸின் சொந்த மைதானமும்கூட. 1988-க்குப் பிறகு அதுவரை அங்கே ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றதே இல்லை. அங்கே போய் முதல் இன்னிங்ஸில் நடராஜன், சுந்தர், ஷர்துல் தாக்கூர் மூவரும் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள். இந்தியா 186 ரன்னுக்கு 6 விக்கெட் என்று தடுமாறியபோது சுந்தரும் ஷர்துலும் சேர்ந்து 123 ரன் அடித்தார்கள். கடைசி நாளில் 328 ரன் இலக்கை எட்டி இந்தியா ஜெயித்தது. மாற்று ஆட்கள் நிறைந்த அணி ஜெயித்த ஆட்டம் அது.

சினிமாவாக இருந்தால் இதோடு 'சுபம்' போட்டுவிடலாம். நிஜம் அப்படி முடியவில்லை. அதே ஆண்டு நடராஜனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பிறகு ஐ.பி.எல். இரண்டாம் பாதியில் கொரோனா தொற்று. ஹைதராபாத் அணியில் அவர் இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? அந்த அணியின் நெட் பவுலர் உம்ரான் மாலிக்! அடுத்த ஆண்டு உம்ரான் இந்தியாவுக்கே ஆடினார். நடராஜனுக்கு இந்திய அணியில் இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை.

அப்படியானால் அந்த உழைப்பெல்லாம் ஒரே ஒரு டெஸ்டுக்குத்தானா? வலையில் வீசிய ஆயிரக்கணக்கான பந்துகள்தான், கூப்பிட்ட அன்றைக்கு அவரைத் தயாராக வைத்திருந்தன. எப்போது கூப்பிடுவார்கள் என்பது அவர் கையில் இல்லை. கூப்பிடாமலே போயிருந்தாலும், அந்தப் பந்துகளை ஆடிப் பழகிய பேட்ஸ்மேன்களின் ரன்னில் அவருக்கும் பங்கு உண்டு. ஸ்கோர் கார்டில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, உங்கள் வீட்டிலும் ஒரு பன்னிரண்டாவது ஆள் இருந்தால், கிரிக்கெட்டோ, கபடியோ, ஸ்கூல் டான்ஸோ, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். 'எடுத்தார்களா?' என்பதற்கு அவனிடம் பதில் இல்லை, அதை முடிவு செய்பவர் வேறு ஆள். 'இன்றைக்கு என்ன பழகினாய்?' என்று கேட்டால் சொல்வதற்கு அவனிடம் நிறைய இருக்கும். கேட்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால், காலி கேலரி அவ்வளவாக உறுத்தாது.

2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. கட்டியவர் நடராஜன். அங்கே தினமும் பந்து வீசப் பழகும் பையன்களில் எத்தனை பேர் இந்தியாவுக்கு ஆடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டுத் தயாராக வைக்கிறார்கள்.