மௌனத்தை அவசரப்பட்டுக் கலைக்க வேண்டாம்

2009 மே மாதம், யுத்தத்தின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று வளர்ந்த பிள்ளைகளாக எங்கள் உளவளத்துணை அறைகளுக்கு வருகிறார்கள். தலையிடி, மயக்கம், பரீட்சை மண்டபத்தில் மூச்சடைப்பு என்றுதான் பாடசாலை அனுப்பிவைக்கிறது. யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. வீட்டில் யாரும் சொன்னதில்லை.

சொல்லாதிருப்பவர் பெரும்பாலும் தாய். விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, படிக்கிற வயதிலேயே அவசரமாகத் தாலி கட்டிவைக்கப்பட்ட பெண்கள் வன்னியில் இருக்கிறார்கள். அந்தக் கலியாணம் முறிந்து மறுமணம் செய்தவரின் பிள்ளைக்கு முதற் கணவனின் பெயரே தெரியாது. இயக்கத்தில் இருந்ததைப் புகுந்த வீட்டுக்கு மறைத்தவர்கள் உண்டு. யுத்தத்தின் பின் தடுப்பு முகாமிலிருந்து வந்த பெண் என்றாலே ஊர் தானாக ஒரு கதையைக் கட்டிவிடும். அது மகளின் கலியாணப் பேச்சு வரை துரத்தும். புலனாய்வுக்காரர் வந்து விசாரித்துப் போகும் வீட்டில் வாய்மூடி இருப்பது வெட்கத்தால் மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான். இந்தப் பெண்களுக்குப் பேசத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருந்த தாய்மார் உலகம் கேட்கப் பேசினார்கள். எதை, எங்கே பேசுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

ஆகவே, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தால்தான் சுகம் என்ற பயிற்சிப்பட்டறைப் பாடத்தை இவர்கள்மேல் சுமத்தக் கூடாது.

ஆனால் தாயின் மௌனத்துக்கு மகள் விலை கொடுக்கிறாள். கோயில் திருவிழாவில் வெடி வெடித்தால் அம்மா ஏன் சுருண்டு போகிறார், பின்னேர ரியூஷனுக்கு ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. காரணம் தெரியாத பிள்ளை தன்னையே காரணமாக்கிக்கொள்கிறாள். அவளுக்குச் சம்பவம் தேவையில்லை. "சண்டை நேரம் எனக்குச் சில கஷ்டம் நடந்தது. அதாலதான் இந்தப் பயம். நீ செய்த பிழையால இல்லை." இவ்வளவை மட்டும் தாய் தன் வாயால் சொன்னால் போதும். அதற்கு முன் தாயோடு தனியாகப் பல தடவை இருந்து பேச வேண்டிவரும். வடக்கின் துயரத்தைத் தனியாளின் நோயாக அல்லாமல் கூட்டு மனவடுவாகப் பார்க்க உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்களைப் பழக்கினார். தாயையும் மகளையும் சேர்த்தே பார்ப்பது அந்த வழியில் வருவதுதான்.

மனவடு மரபணு வழியாக இறங்குகிறது என்று தாய்மாரிடம் சொல்வதும் இப்போது பெருகியிருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் வைத்து மனவடு ஆய்வாளர் ரேச்சல் யெஹூடா குழுவினர் செய்த ஆய்வு; அது மிகச் சிறியது. அதைக் கொண்டு ஒரு தாயிடம் "உங்கள் பயம் பிள்ளையின் இரத்தத்தில் இருக்கிறது" என்று சொல்வது அநியாயம். ஏற்கெனவே போதுமான பழியை அவர் சுமக்கிறார்.

கடைசியாக, எங்கள் குறிப்பேடுகள். குடும்ப வரைபடத்தில் ஒரு பெயர் வெறுமையாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். இயக்கப் பெயர், படையணி, தடுப்பு முகாம் ஆகியவற்றைச் சிகிச்சைக்குத் தேவையில்லாமல் எழுத வேண்டாம். அலுமாரித் திறப்பு யாரிடம், கோப்பை யார் கேட்டால் கொடுக்க வேண்டிவரும் என்பதை ஒவ்வொரு நிலையமும் மேற்பார்வையாளரோடு இருந்து முடிவெடுக்க வேண்டும். இரகசியம் காப்போம் என்று உறுதி கொடுக்க முடியாத இடமென்றால், அதை அந்தப் பெண் வாய் திறக்க முன்னரே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.