எடுக்காமல் விட்ட சீட்டு

ரம்மியில் தோற்பதற்கென்றே பிறந்தவள் என்று எங்கள் வீட்டில் எனக்கு ஒரு காலத்தில் பெயர். 13 சீட்டையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, அதையே வெறித்துக்கொண்டிருப்பேன்.

"உன் சீட்டை யாரும் பிடுங்கிண்டு போகமாட்டா. எதிராளியைப் பாரேண்டி!" என்பாள் பெரியம்மா. பணம் வைத்து ஆட அவள் சம்மதிக்கமாட்டாள். பந்தயம் புளியங்கொட்டைதான்.

பார்ப்பது என்றால் எதை? கீழே கிடக்கிற ஹார்ட்டின் எட்டை மன்னி எடுத்தால், அவளிடம் ஏழும் ஒன்பதும் இருக்கலாம். ஆறும் ஏழும் இருக்கலாம். ஒன்பதும் பத்தும் இருக்கலாம். இல்லையென்றால் வேறு இனத்து எட்டு இரண்டு. அந்த வட்டாரத்துச் சீட்டை இனி கீழே போடக் கூடாது. இது குழந்தைக்கும் தெரியும். ஆரம்பத்திலேயே ராஜா, ராணியைப் போடுவதிலும் பெரிய ரகசியம் இல்லை. ஒவ்வொன்றும் 10 பாயின்ட் பாரம், எல்லாரும் இறக்கத்தான் பார்ப்பார்கள்.

பெரியம்மாவின் வித்தை வேறு. எடுத்ததைவிட, எடுக்காமல் விட்டதைப் பார் என்பாள். ஒன்பது விழுந்தும் மன்னி அதைத் தொடாமல் கட்டிலிருந்து இழுத்தாளா? அப்படியானால் அதை ஒட்டிய ஜோடி எதுவும் அவளிடம் அநேகமாக இல்லை, வேறு ஒன்பது இரண்டும் இல்லை. அடுத்த ஒன்பதை நீ துணிந்து போடலாம். இரண்டு கட்டு ஆட்டமாதலால் ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. போனது ஒன்றா இரண்டா என்பதும் மனசில் நிற்க வேண்டும். விழுந்த சீட்டுக்களை நினைவில் வைக்க வேண்டிய ஆட்டம், முக்கியமாகத் திறமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டே 1967-ல் சொல்லியிருக்கிறது. பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் சொன்னார்களோ என்னவோ!

போன தீபாவளி ராத்திரி ஆட்டம் போட்டோம். எனக்கு முந்தின கை பெரியம்மா. கிளாவர் ஐந்தை எடுத்தாள். இரண்டு சுற்று கழித்து அதே ஐந்தைக் கீழே போட்டாள். பொறி வைக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன்.

"இது எப்போ என் கைக்கு வந்தது?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் கிளாவர் நாலும் ஆறும். ஐந்து வந்தால் ரம்மி. நான் கட்டிலிருந்து ஒரு சீட்டை இழுத்தேன்.

கடைசியில் மன்னி ஜெயித்தாள். சீட்டுக்களைப் பரப்பினோம். கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த பெரியம்மாவின் பார்வை என் நாலிலும் ஆறிலும் வந்து நின்றது.

"ஐந்தை ஏன் எடுக்கல்லே?"

"கவனிக்கல்லே, பெரியம்மா."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, கலைச்சுப் போடு. இன்னொரு தரம் விட்டுக்கொடுத்தியோ, உன்னோட ஆடவேமாட்டேன்" என்றாள்.