கிணறு போட்டவர்தான் மூடித் தர வேண்டும்: டெல்டாவின் பழைய எண்ணெய்க் கிணறுகள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து ஓய்ந்த கிணறுகளை மூடி, நிலத்தை உழவுக்குத் திருப்பித் தரும் செலவு முழுவதும், அந்தக் கிணற்றில் வருமானம் பார்த்த நிறுவனத்தையே சேரும். கிணறு ஓடும்போதே அந்தப் பணத்தை, நிறுவனம் தொட முடியாத கணக்கில், கிணறுவாரியாக ஒதுக்கி வைக்க வேண்டும். எங்கள் பொதுக்குழு முடிவு செய்திருப்பது இது.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே நடந்துவந்தவற்றைத் தொடவில்லை. பட்டாசு வெடித்துக் கொண்டாடிய நாங்களும் அன்று பழைய கிணறுகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது எங்கள் தவறு.

‘மூடியாயிற்று’ என்று சொல்லப்பட்ட திடல் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். வயல் மட்டத்துக்கு மேல் முழங்கால் உயரம் கிராவல் கொட்டி இறுக்கிய மேடு. நடுவே துருவேறிய இரும்புக் குழாய், சுற்றிலும் கருவேலம். மேடு போட்டபோது அறுபட்ட வடிகால் வாய்க்கால் இன்றுவரை சேரவில்லை. ஐப்பசி மழை அடித்தால் மேலண்டை வயலில் தண்ணீர் வடியாமல் நின்று சம்பாப் பயிர் அழுகுகிறது. நிலத்துக்காரர் மேட்டின் ஓரமாக மூன்று மாவைச் சீர்படுத்தி உழுது பார்த்தார். கொழு முழுக்க ஜல்லியில் மாட்டியதுதான் மிச்சம்.

கிணற்றை மூடுவது வாயில் மூடி போடுகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெய் வந்த அடுக்கில் சிமென்ட் இறக்கி அடைக்க வேண்டும். நன்னீர் அடுக்குக்குக் கீழே இன்னொரு அடைப்பு. பிறகு ஏர் எட்டாத ஆழத்தில் குழாயை அறுத்து, கழிவுச் சேற்றுக் குழியைச் சுத்தம் செய்து, கிராவலை வாரி, மேல்மண் பரப்ப வேண்டும். இதில் சிமென்ட் பிடிக்காமல் போனால் மீத்தேனும் உப்புநீரும் குழாயின் வெளிப்புறமாகவே மேலேறும். அதே மண்ணில்தான் எங்கள் குடிநீர் போர்களும் இருக்கின்றன.

இதற்கென்று நாட்டில் ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டோம். தள மீட்பு நிதித் திட்டம் 1999 முதல் இருக்கிறது. இதற்காகப் போடும் பணத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 33ஏபிஏ பிரிவு, தொழில் லாபத்தில் 20 சதவீதம் வரை கழிவு கொடுத்தது. அந்த வரி கஜானாவுக்கு வராமல் போன பணம். அப்படியானால் சீரமைப்புச் செலவில் ஒரு பங்கைப் பொதுமக்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

“அரசு நிறுவனம்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது?” என்று கேட்கிறார்கள். நிறுவனம் ஓடாது, எண்ணெய் வயல் கைமாறும். நெடுவாசல் வயல் 2017-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தரப்பட்டது ஊரறிந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். திமோர் கடலில் வயதான நார்தர்ன் எண்டெவர் எண்ணெய்க் கப்பலை உட்சைட் என்ற பெரிய நிறுவனம் 2016-இல் ஒரு சிறிய நிறுவனத்துக்கு விற்றது. மூன்றே ஆண்டுகளில் வாங்கியவர் நொடித்துப்போக, கப்பல் அரசின் தலையில் விழுந்தது. முன்பு உரிமம் வைத்திருந்தவரையும் திரும்பக் கூப்பிடலாம் என்று 2021-இல் சட்டம் திருத்தினார்கள். கடலில் எண்ணெய் எடுக்கும் எல்லா நிறுவனங்கள் மீதும் பீப்பாய்க்கு 48 சென்ட் தீர்வை போட்டார்கள். இரண்டுமே கப்பல் கைமாறிய பிறகு வந்தவை.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் ரெட்வாட்டர் என்ற சிறு நிறுவனம் 2015-இல் திவாலானது. காய்ந்த கிணறுகளைக் கைகழுவிவிட்டு, ஓடும் கிணறுகளை மட்டும் விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். முதலில் கிணற்றை மூடு, பிறகு கடனை அடை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே பழைய கிணறுகளைச் சுத்தம் செய்ய அந்நாட்டு மத்திய அரசு சுமார் 170 கோடி கனடா டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. முன்கூட்டிப் பணம் வாங்கி வைக்காத இடத்தில் தீர்ப்பும் பாதி வழிதான் வரும்.

எங்களுக்குள்ளும் மாற்றுக் கருத்து உண்டு. திடலுக்கு வரும் குத்தகைப் பணம் நெல்லை விட மேல் என்று சில உறுப்பினர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். மூடும் வேலையைத் தள்ளிப்போட அந்தக் குத்தகை ஒரு சாக்காகக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. உற்பத்தி நின்ற தேதியிலிருந்து காலக்கெடு ஓட வேண்டும், நிலம் திரும்பும் வரை குத்தகையும் ஓட வேண்டும்.

எண்ணெய் வயல் கைமாறினால் விற்றவரின் பொறுப்பு தொடர வேண்டும். கிணறுகளின் பட்டியல், ஆழம், மூடிய தேதி, ஒதுக்கிய தொகை எல்லாம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். நிலத்துக்காரரின் கையெழுத்து இல்லாமல் ‘நிலம் மீட்கப்பட்டது’ என்று எந்தக் கோப்பையும் முடிக்கக் கூடாது. அந்தக் கையெழுத்தும் மேட்டைக் கரைத்த அன்றைக்கே வாங்கக் கூடாது. ஒரு சம்பா அறுத்து, பக்கத்து வயல் கண்டுமுதலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அவர் போடட்டும்.