கலோரியும் சில்லறைச் செலவும்

பி.காம். படிக்கிற ஆளுக்கு டயட்டைப் பற்றி எழுத என்ன தகுதி என்கிறீர்களா? கலோரி என்பதே வரவு செலவுக் கணக்குதானே! சாப்பிடுவது வரவு, உடம்பு எரிப்பது செலவு, மிச்சம் இடுப்பில் இருப்பு. எடை குறைய வேண்டுமானால் வரவைவிடச் செலவு கூட இருக்க வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த வரவை வெட்டுவது என்பதில்தான் நம் மக்கள் கோட்டை விடுகிறார்கள்.

திங்கட்கிழமை சபதம். காலை டிபன் கட். மதியம் ரெண்டு கரண்டி சோறு. நாலு மணிக்குக் கண் இருட்டும்போது கேன்டீனில் ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ. "காலையில்தான் ஒண்ணுமே சாப்பிடலையே" என்று இன்னும் ஒரு பஜ்ஜி. வெட்டிய இட்லியைவிட உள்ளே போன எண்ணெய்தான் அதிகம்!

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்திலும் 4, கொழுப்பில் 9. (பாக்கெட்டில் கிலோகலோரி என்று போட்டிருப்பதைத்தான் நாம் கலோரி என்கிறோம்.) ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம். அதாவது 160 கலோரி. இதனால் வயிறு நிறைந்ததா? இல்லை. சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது.

அக்கவுண்டன்சியில் சில்லறை ரொக்க ஏடு என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய செலவெல்லாம் எல்லார் கண்ணிலும் படும். சின்னச் சின்ன செலவுதான் கவனிக்காமல் விட்டால் கல்லாவைக் காலி செய்யும். டீயில் சர்க்கரை, பஜ்ஜி எண்ணெய், கூல் டிரிங்க்ஸ், படிக்கும்போது கொறிக்கும் பிஸ்கட் எல்லாம் அந்த ரகம். முதலில் அதை வெட்டுங்கள். சாப்பாட்டில் கை வைப்பது அப்புறம்.

பட்டினி ஏன் கூடாது? 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஆறு மாதம் நாளைக்குச் சுமார் 1,570 கலோரி மட்டுமே. கூடவே நிறைய நடை. எடை கால்வாசி குறைந்தது, உண்மைதான். ஆனால் தெம்பு போனது, எப்போதும் குளிர், எரிச்சல், மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஆரோக்கியமான ஆண்களுக்கே அந்தக் கதி. நம் கூடப் படிக்கும் பெண்கள் சிலர் "குண்டாயிட்டே" என்று யாரோ சொன்னதற்காக ஒரு ஆப்பிளோடு நாளை ஓட்டுகிறார்கள். அது டயட் இல்லை, உடம்பிடம் வாங்கும் கடன். வட்டி நிச்சயம்.

மூன்று வேளையும் சாப்பிடுங்கள். தட்டில் சுண்டலோ பருப்போ முட்டையோ, காயோடு இருக்கட்டும். பசி சீக்கிரம் எட்டிப் பார்க்காது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் தாராளம். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பேன் என்பவர், ஒரே மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்ற நிதி நிறுவனக்காரருக்குச் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் :-)