கார்டு கிடைச்சா மனச்சோர்வு போயிடுமா?

'எனக்கு டிப்ரஷன் இருக்கு. மருத்துவ கஞ்சா கார்டு கிடைக்குமா?' அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும்.

கலிஃபோர்னியா 1996-லேயே அனுமதித்துவிட்டது. பலன் தரும் என்று டாக்டர் நினைத்தால், அங்கே எந்த நோய்க்கும் பரிந்துரைக்கலாம். 2018-ல் அனுமதித்த ஓக்லஹோமாவில் நோய்ப் பட்டியலே கிடையாது. பென்சில்வேனியாவில் பட்டியல் உண்டு. 2019-ல் பதற்றக் கோளாறை அதில் சேர்த்தார்கள், மனச்சோர்வைச் சேர்க்கவில்லை.

சரி, சட்டம் அனுமதிச்சா நோய் குணமாகும்னு அர்த்தமா? இல்லை. தகுதியை முடிவு செய்வது மாநிலம். மருந்தை அங்கீகரிப்பது எஃப்.டி.ஏ. மனச்சோர்வுக்கு மருந்தாக கஞ்சாவை எஃப்.டி.ஏ அங்கீகரிக்கவில்லை.

2022-ல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். வலி, தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு என ஏதோ ஒரு தொல்லை இருந்த 186 பேர். ஒரு பிரிவினர் உடனே கார்டு வாங்கலாம். மற்றவர்கள் 12 வாரமாவது காத்திருக்க வேண்டும். முடிவு? உடனே வாங்கியவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. மனச்சோர்வு குறையவில்லை. கஞ்சாவை விட முடியாத பிரச்னையோ அவர்களிடம் அதிகமானது, குறிப்பாக மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்களிடம்!

அங்கே இருக்கும் தம்பியோ தோழியோ 'கார்டு வாங்கப்போறேன்'னு சொன்னா, உடனே திட்டாதீங்க. 'டாக்டர்கிட்ட பேசினியா? மாத்திரையை நீயா நிறுத்திடலையே?'ன்னு கேளுங்க. கார்டு கிடைப்பதைவிட, நடக்கிற சிகிச்சை பாதியில் நிற்காமல் இருப்பதுதான் முக்கியம்.